கடல் தாண்டிப் போகும் செல்போன்

(இரண்டாம் ஆண்டு, மின்னணு மற்றும் தொடர்பியல் பிரிவு)



நம் சங்கத்தின் ஆண்டு மலரில் கவிதை வரும், துணுக்கு வரும், விடுதிச் சாப்பாட்டைப் பற்றிய ஜோக்கும் தவறாமல் வரும். பாடத்தோடு சம்பந்தப்பட்ட கட்டுரை என்றால் மட்டும் எல்லோரும் பக்கத்தைப் புரட்டிவிடுவோம். இந்தக் கட்டுரையை அப்படிப் புரட்டிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நம்மில் பலர் டிப்ளமோ முடித்து வெளிநாடு போகப் போகிறவர்கள். போகாதவர்கள் வீட்டிலும் போன ஒருவராவது இருப்பார். ஐரோப்பாவுக்குப் போகிற நம்ம ஊர் ஆளின் செல்போன் அங்கே எப்படி வேலை செய்கிறது, ஏன் சில நேரம் வேலை செய்வதில்லை, எதற்குக் காசு பிடிக்கிறார்கள் என்பதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன்.

நான் கொல்லிமலை, குண்டனி நாட்டைச் சேர்ந்தவன். "நாடு" என்றதும் பாஸ்போர்ட் வேணுமா என்று வகுப்பில் கிண்டல் செய்வார்கள். எங்கள் மலையில் ஊர்த் தொகுதிக்குப் பெயரே நாடுதான். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, குண்டனி நாடு என்று வரிசையாக உண்டு. நாடு விட்டு நாடு போக எங்களுக்குக் கால் இருந்தால் போதும். ஆனால் போகிற வழியில் சிக்னல் போய்விடும். ஐரோப்பாவும் ஒரு வகையில் அப்படித்தான். சின்னச் சின்ன நாடுகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. காலையில் ஜெர்மனியில் ரயில் ஏறினால் மதியம் பிரான்சில் இறங்கலாம். வித்தியாசம் என்னவென்றால், அங்கே வழியில் சிக்னல் போகாமல் இருக்க நாற்பது வருஷமாக உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள்.

ரோமிங் பிறந்த கதை

ரோமிங் என்றால், நம் கம்பெனியின் டவர் இல்லாத இடத்தில் வேறொரு கம்பெனியின் டவரில் ஒட்டிக்கொண்டு, நம்முடைய அதே நம்பரில் பேசுவது. இதை முதலில் பெரிய அளவில் செய்து காட்டியவர்கள் வட ஐரோப்பியர்கள். 1981-ல் தொடங்கிய என்.எம்.டி. என்ற அனலாக் முறையில் ஸ்வீடன், நார்வே, டென்மார்க், பின்லாந்து நாடுகளுக்குள் ஒரே போனை எடுத்துக்கொண்டு போக முடிந்தது. மற்ற நாடுகளில் ஆளுக்கு ஒரு முறை. பிரிட்டனுக்கு ஒன்று, ஜெர்மனிக்கு ஒன்று, பிரான்சுக்கு ஒன்று. எல்லை தாண்டினால் போன் வெறும் டப்பா.

இதைச் சரி செய்ய 1982-ல் ஐரோப்பியத் தபால் தந்தி நிர்வாகங்களின் மாநாடு ஒரு குழு அமைத்தது. அந்தக் குழுவின் பிரெஞ்சுப் பெயரின் முதல் எழுத்துகள்தான் நாம் பாடத்தில் படிக்கும் ஜி.எஸ்.எம். 1987 செப்டம்பர் 7 அன்று கோபன்ஹேகனில் 13 நாடுகளைச் சேர்ந்தவர்கள் ஒரே முறையைப் பின்பற்றுவது என்று கையெழுத்துப் போட்டார்கள். 1991 ஜூலை 1 அன்று பின்லாந்தில் முதல் ஜி.எஸ்.எம். அழைப்பு நடந்தது. அந்நாட்டின் முன்னாள் பிரதமர் ஹாரி ஹோல்கெரி பேசினார். 1992-ல் பின்லாந்து கம்பெனி ஒன்றும் பிரிட்டனின் வோடபோனும் முதல் சர்வதேச ரோமிங் ஒப்பந்தம் போட்டன.

நம் நாட்டில் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31 அன்று. மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதிபாசு கல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமிடம் பேசினார். நாம் எடுத்துக்கொண்டதும் அதே ஜி.எஸ்.எம். முறைதான். அதனால்தான் நம்ம ஊர் சிம் ஐரோப்பாவில் போய் நின்றாலும் அங்கே இருக்கும் டவருக்கு அதன் பாஷை புரிகிறது.

"எந்த ஊரு, யாரு வீட்டுப் பிள்ளை?"

எங்கள் மலையில் புது ஆள் ஒருவர் ஊருக்குள் வந்தால் முதல் கேள்வி இதுதான். எந்த ஊரு? யாரு வீட்டுப் பிள்ளை? பதில் சொன்னால் மட்டும் போதாது. அந்த ஊருக்கு ஆள் விட்டு, "இப்படி ஒருத்தர் வந்திருக்காரே, உங்க ஆளுதானா?" என்று விசாரித்த பிறகுதான் திண்ணையில் பாய் விரிப்பார்கள். ரோமிங்கும் இதே முறைதான். இதை மனதில் வைத்துக்கொண்டால் பாடம் தானாகப் புரியும்.

ஜெர்மனியில் இறங்கியவர் போனை ஆன் செய்கிறார். சிம்முக்குள் 15 இலக்க எண் ஒன்று இருக்கிறது. அதுதான் ஐ.எம்.எஸ்.ஐ. நாம் கூப்பிடும் பத்து இலக்க நம்பர் வேறு, இது வேறு. இதில் முதல் மூன்று இலக்கம் நாடு. இந்தியா என்றால் 404 அல்லது 405. ஜெர்மனிக்கு 262, பிரான்சுக்கு 208. அடுத்த இரண்டு அல்லது மூன்று இலக்கம் கம்பெனி. மீதி ஆள். ஆக, எந்த ஊரு, யாரு வீட்டுப் பிள்ளை என்ற இரண்டு கேள்விக்கும் பதில் அந்த ஒரே எண்ணில் இருக்கிறது.

ஜெர்மன் கம்பெனி அந்த எண்ணைப் பார்த்து, இந்தியாவில் இருக்கும் நம் கம்பெனியிடம் விசாரிக்கிறது. நம் கம்பெனியில் வாடிக்கையாளர் அத்தனை பேரின் விவரமும் இருக்கும் பேரேடு எச்.எல்.ஆர். வந்த விருந்தாளிகளை மட்டும் தற்காலிகமாக எழுதி வைத்துக்கொள்ளும் ஜெர்மன் கம்பெனியின் நோட்டுப் புத்தகம் வி.எல்.ஆர். இரண்டுக்கும் இடையே சேதி போய் வந்த பிறகு, "எங்க ஆளு இப்போ ஜெர்மனியில இருக்காரு" என்று நம் பேரேட்டில் ஒரு குறிப்பு விழுகிறது.

வந்தவர் பொய் சொல்கிறாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கேதான் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் வருகிறது. சிம்முக்குள் ஒரு ரகசியச் சாவி உண்டு. கே.ஐ. என்று பெயர். அதன் நகல் நம் கம்பெனியில் மட்டும் இருக்கும். ஜெர்மன் கம்பெனிக்கு அந்தச் சாவியைக் கொடுப்பதே இல்லை. அதற்குப் பதிலாக, நம் கம்பெனி விடுகதையையும் அதன் விடையையும் சேர்த்து எழுதி அனுப்புகிறது. 2ஜி முறையில் விடுகதை 128 பிட் எண், விடை 32 பிட் எண். ஜெர்மன் டவர் விடுகதையை மட்டும் போனுக்குச் சொல்கிறது. சிம் தன் சாவியை வைத்துக் கணக்குப் போட்டு விடை சொல்கிறது. இரண்டு விடையும் ஒத்துப்போனால் உள்ளே வா. இல்லாவிட்டால் வெளியே. சாவியைக் காட்டாமலே தன்னிடம் சாவி இருக்கிறது என்று நிரூபிக்கும் இந்த வித்தையை யோசித்தவர்களுக்கு ஒரு கும்பிடு போடலாம். 4ஜி-யில் போனும் டவரை இதேபோலச் சோதித்துக்கொள்கிறது. இது தேர்வில் வந்தால் படம் போட்டு எழுதுங்கள், மார்க் நிச்சயம்.

உள்ளே வரும் அழைப்புக்கு ஏன் காசு?

நம் நாட்டில் 2003-லிருந்து உள்வரும் அழைப்புக்குக் காசு கிடையாது. அந்தப் பழக்கத்தில், வெளிநாட்டிலும் எடுத்துப் பேசினால் காசு போகாது என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். போகும். காரணத்தைப் பாருங்கள்.

நாமக்கல்லிலிருந்து ஒருவர், ஜெர்மனியில் இருப்பவரின் இந்திய நம்பருக்குப் போடுகிறார். அவர் நாமக்கல்லில் இருக்கிறாரா, ஜெர்மனியில் இருக்கிறாரா என்பது கூப்பிடுகிறவருக்குத் தெரியாது. அவரிடம் உள்ளூர்க் கட்டணம்தான் வாங்க முடியும். அழைப்பு முதலில் நம் கம்பெனிக்குப் போகிறது. அது பேரேட்டைப் புரட்டி, "ஆள் ஜெர்மனியில்" என்று கண்டு, ஜெர்மன் கம்பெனியிடம் ஒரு தற்காலிக நம்பர் வாங்கி, அழைப்பைக் கடல் தாண்டி அனுப்புகிறது. இந்தியாவிலிருந்து ஜெர்மனி வரை போகும் அந்த இரண்டாவது பாதைக்கான காசு, எடுத்துப் பேசுகிறவர் தலையில் விழுகிறது. எடுக்காமல் விட்டு, அழைப்பு வாய்ஸ்மெயிலுக்குத் திரும்பினால், போன பாதைக்கும் காசு, வந்த பாதைக்கும் காசு என்று இரட்டைச் செலவாகவும் ஆகலாம்.

டேட்டாவும் இப்படித்தான். ஜெர்மனியில் இருந்து ஒரு பக்கத்தைத் திறந்தால், அந்தச் சேதி பெரும்பாலும் நேராக இன்டர்நெட்டுக்குப் போவதில்லை. முதலில் இந்தியாவில் இருக்கும் நம் கம்பெனியின் வாசலுக்கு வந்து, அங்கிருந்து வெளியே போய், அதே வழியில் திரும்புகிறது. பக்கத்து வீட்டுக்குப் போக ஊரைச் சுற்றிவந்த கதைதான். இந்திய சிம் ரோமிங்கில் கொஞ்சம் மந்தமாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஜி.எஸ்.எம். முழு வேகப் பேச்சுக்கு வினாடிக்கு 13,000 பிட். ஒரு நிமிஷத்துக்கு 7,80,000 பிட். எட்டால் வகுத்தால் 97,500 பைட், அதாவது 100 கே.பி.க்கும் குறைவு. வீடியோ காலுக்கு வினாடிக்கு 10 லட்சம் பிட் என்று வைத்துக்கொண்டால், ஒரு நிமிஷத்துக்கு 75 லட்சம் பைட், அதாவது 7.5 எம்.பி. இரண்டும் ஒரு திசைக்கு மட்டும். முகம் பார்த்துப் பேசுவது குரலை மட்டும் கேட்பதைவிட ஏறக்குறைய 77 மடங்கு கனம்! பேக் இல்லாமல் ஒரு எம்.பி.க்கு இவ்வளவு என்று காசு பிடிக்கும்போது, பத்து நிமிஷ வீடியோ கால் ஒரு மாசச் சம்பளத்தில் கை வைத்துவிடும்.

எங்கள் வீட்டில் நடந்தது

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிப் படிக்க வந்தவன் நான்தான். என் தாய்மாமா எட்டாவதோடு நின்று, ஓட்டல் வேலைக்குப் போய், நல்ல சமையல்காரராகி, 2023-ல் ஜெர்மனியில் ஒரு தென்னிந்திய ஓட்டலுக்கு வேலைக்குப் போனார். போகும்போது இந்திய சிம்மில் ஒரு ரோமிங் பேக் போட்டுக்கொண்டு போனார். பத்து நாளில் அது முடிந்துவிட்டது. முடிந்த சேதி இங்கிலீஷில் வந்தது. மாமாவுக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. அங்கே புது சிம் வாங்க அவருடைய காகிதம் இன்னும் தயாராகவில்லை. ஓட்டல் வைஃபையில் வாட்ஸ்அப் பார்ப்பார். தங்கும் அறையில் வைஃபை கிடையாது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் அம்மாயிக்கு, அதாவது மாமாவைப் பெற்றவளுக்கு, உடம்புக்கு முடியாமல் போனது. எங்கள் வீட்டில் சிக்னல் வராது. மேட்டுக் காட்டில் ஒரு பாறைமேல் ஏறி நின்றால்தான் இரண்டு கோடு தெரியும். அம்மா பட்டன் போனை எடுத்துக்கொண்டு பாறைக்கு ஏறி, மாமாவின் இந்திய நம்பருக்குப் போட்டுக்கொண்டே இருந்தாள். "நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளார்" என்றே வந்தது. ஓட்டலில் சமையற்கட்டு ரிப்பேர் என்று இரண்டு நாள் கடை மூடியிருந்தார்கள். அதனால் நான் விடுதியிலிருந்து அனுப்பிய வாட்ஸ்அப்பையும் அவர் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் கடை திறந்த பிறகுதான் மாமாவுக்குச் சேதி தெரிந்தது. அதற்குள் இங்கே எல்லாம் முடிந்துவிட்டது.

நண்பர்களே, மாமா தொடர்பு எல்லைக்கு வெளியே இல்லை. தலைக்கு மேலே டவர், போனில் முழுக் கோடு. கணக்கில் காசு இல்லாததால், உள்ளே வரும் அழைப்பையும் கம்பெனி தடுத்து வைத்திருந்தது. அறிவிப்பு சொன்னது ஒன்று, நடந்தது வேறு. "காசு போடுங்க, பேசலாம்" என்று தமிழில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், எங்கள் மலையிலிருந்தே யாராவது ஒருவர் சோளக்காட்டுக்கு ஓடி ரீசார்ஜ் செய்திருப்போம். அந்தக் கம்பெனியின் பெயரை எழுதி எனக்கு ஆகப்போவது எதுவுமில்லை. ரோமிங் என்றால் என்ன என்பதை அடிவரை தெரிந்துகொள்ள வேண்டும் என்று அன்றைக்குத்தான் முடிவெடுத்தேன். அம்மாவுக்கும் இதையெல்லாம் உட்கார வைத்துச் சொன்னேன். "அப்போ அவன் போனு நல்லாத்தான் இருந்துச்சா?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

சட்டம் போட்ட ஐரோப்பா, போட்டி போட்ட இந்தியா

ரோமிங் கட்டணம் கொள்ளையாக இருந்தது நமக்கு மட்டுமல்ல, ஐரோப்பியர்களுக்கும்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2007-ல் முதல் உச்சவரம்பு போட்டது. வெளியே பேச நிமிஷத்துக்கு 49 சென்ட், உள்ளே வந்தால் 24 சென்ட், வரி தனி. பிறகு படிப்படியாகக் குறைத்து, 2017 ஜூன் 15 முதல் ஒன்றியத்துக்குள் தனி ரோமிங் கட்டணமே கூடாது என்று ஆக்கினார்கள். 2022-ல் அந்தச் சட்டத்தை 2032 வரை நீட்டித்தார்கள். கம்பெனிகள் தங்களுக்குள் வாங்கிக்கொள்ளும் மொத்த விலைக்கும் வரம்பு உண்டு. 2022-ல் ஒரு ஜி.பி.க்கு 2 யூரோ, 2027-ல் அது 1 யூரோ என்று வருஷா வருஷம் இறங்கும்படி எழுதியிருக்கிறார்கள்.

நம் நாட்டில் டிராய் அமைப்பும் 2007-ல்தான் உள்நாட்டு ரோமிங்குக்கு வரம்பு வைத்தது. வேறு மாநிலத்தில் போய் உள்வரும் அழைப்பை எடுத்தால் நிமிஷத்துக்கு 1 ரூபாய் 75 பைசா வரை. 2013-ல் அது 75 பைசா ஆனது, 2015-ல் 45 பைசா. இந்தக் காசின் அருமை நம் நாமக்கல் லாரிக்காரர்களைக் கேட்டால் தெரியும். மகாராஷ்டிராவில் லோடு இறக்கிக்கொண்டிருக்கும்போது வீட்டிலிருந்து போன் வந்தால், "மிஸ்டு கால் குடு, பூத்துல இருந்து பேசறேன்" என்று வைத்துவிட்ட காலம் அது. 2016-ல் புதுக் கம்பெனி வந்து போட்டி முற்றிய பிறகு, 2017 வாக்கில் உள்நாட்டு ரோமிங் கட்டணத்தைப் பெரிய கம்பெனிகள் தாங்களே எடுத்துவிட்டன. அங்கே சட்டம் செய்த வேலையை இங்கே பெரும்பாலும் போட்டி செய்தது.

இதில் நம்மவர்கள் தவறாமல் குழம்பும் இடம் ஒன்று உண்டு. "ஐரோப்பாவில்தான் ரோமிங் இலவசமாச்சே!" என்பார்கள். அந்த இலவசம் ஐரோப்பியக் கம்பெனியின் சிம் வைத்திருப்பவருக்கு. இந்திய சிம்முக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. இன்னொன்று, ஐரோப்பா வேறு, ஐரோப்பிய ஒன்றியம் வேறு. நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் இந்த ரோமிங் சட்டத்தில் உண்டு. ஆனால் ஈழத் தமிழர்கள் நிறைய வாழும் சுவிட்சர்லாந்து இதில் இல்லை. ஒன்றியத்தை விட்டு விலகிய பிரிட்டனும் இல்லை. பாரிஸ் லா சப்பலில் வாங்கிய சிம்மோடு நார்வேயில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் கூடுதல் காசு சட்டப்படி கூடாது. அதே சிம்மோடு சூரிச்சுக்கோ லண்டனுக்கோ கல்யாணத்துக்குப் போனால் கம்பெனி வைத்ததே விலை.

எல்லையோரத்தில் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். 2ஜி ஜி.எஸ்.எம். டவர் சாதாரணமாக 35 கிலோமீட்டர் வரை போனோடு பேசும்படி அமைந்தது. நேரத்தைச் சரிசெய்யும் படிகள் 63, ஒரு படிக்கு ஏறக்குறைய 550 மீட்டர், பெருக்கிப் பாருங்கள். அலைக்கு எல்லைக் கல் தெரியாது. நம் தனுஷ்கோடி முனையில் நிற்கும்போது இலங்கை சிக்னல் எட்டிப் பார்ப்பதுண்டு. அதுபோல ஜெர்மனி, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து மூன்றும் சந்திக்கும் பாசல் நகரத்தின் பக்கம், நாம் ஒரு நாட்டில் நின்றாலும் போன் இன்னொரு நாட்டு டவரைப் பிடித்துவிடலாம்.

போனே ஒத்துவராமல் போகலாம்

சிம் சரியாக இருந்தாலும் போன் சரியாக இருக்க வேண்டும். சுவிட்சர்லாந்தில் 2ஜி சேவையை முக்கியக் கம்பெனிகள் நிறுத்திவிட்டன. பழைய பட்டன் போனைக் கொண்டு போனால் டார்ச் அடிக்கத்தான் ஆகும். ஜெர்மனியில் 2021-லேயே 3ஜியை நிறுத்திவிட்டார்கள். ஆகவே 4ஜி-யும், அதிலேயே பேச வைக்கும் வோல்ட்டி வசதியும் இருக்கும் போனாகப் பார்க்க வேண்டும். அங்கே கிராமப்புறத்துக்கும் கட்டடத்துக்குள்ளும் 4ஜி-க்கு அதிகம் பயன்படுவது 800 மெகாஹெர்ட்ஸ், அதாவது பேண்டு 20. நம் நாட்டில் அந்த பேண்டு பயன்பாட்டில் இல்லை. அதனால் இங்கே விற்கும் சில போன்களில் அது இல்லாமலும் இருக்கலாம். அலைவரிசை பாதியானால் வெற்றுவெளி இழப்பு 6 டெசிபல் குறையும் என்று படித்திருக்கிறோமே, அதன் பலன் இங்கே தெரிகிறது. அலைநீளம் கூடக் கூட மேட்டையும் சுவரையும் கொஞ்சம் சுற்றிக்கொண்டு வரும். மலைக்காரன் எனக்கு இதைப் புத்தகம் பார்த்துத்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

போகிறவர்கள் கவனத்துக்குப் பத்துக் குறிப்புகள்

1. சர்வதேச ரோமிங்கை இந்தியாவில் இருக்கும்போதே ஆன் செய்து, வேலை செய்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அங்கே போய்ச் சிக்னல் இல்லாமல் கஸ்டமர் கேரைக் கூப்பிட முடியாது.

2. பேக்கில் எந்தெந்த நாடு என்று பட்டியலைப் படியுங்கள். "ஐரோப்பா" என்று போட்டிருந்தாலும் சுவிட்சர்லாந்து, பிரிட்டன் இருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள்.

3. பேக் எந்த நிமிஷம் முடிகிறது என்று காகிதத்தில் எழுதி, வீட்டிலும் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். இங்கிருந்தே ரீசார்ஜ் செய்ய அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

4. இரண்டு சிம் போன் நல்லது. இந்திய சிம்மை வங்கி ஓ.டி.பி.க்கு மட்டும் வைத்து அதில் டேட்டா ரோமிங்கை ஆஃப் செய்யுங்கள். பேச்சுக்கும் டேட்டாவுக்கும் அங்கே வாங்கிய சிம்.

5. ஜெர்மனியில் 2017 முதல் பிரீபெய்டு சிம்முக்கும் அடையாளச் சான்று கட்டாயம். பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சில நாடுகளில் முகவரிச் சான்றும் கேட்கலாம்.

6. இந்திய நம்பரைச் சாகவிடாதீர்கள். 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாவிட்டால் கம்பெனி அதைத் துண்டிக்கலாம். 2013 விதிப்படி, கணக்கில் 20 ரூபாய் இருப்பு இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு காலத்தை நீட்டிக்க வழி உண்டு. வங்கிக் கணக்கு, ஆதார் எல்லாம் அந்த நம்பரில்தான் தொங்குகிறது.

7. விமானத்திலும் கடல் கப்பலிலும் வரும் சாட்டிலைட் சிக்னலுக்கு ஐரோப்பியச் சட்டத்தின் இலவசம் கிடையாது. ஏறியவுடன் பிளைட் மோடு.

8. நம்பர்களை +91 சேர்த்தே பதிந்து வையுங்கள். எந்த நாட்டில் நின்று அழுத்தினாலும் சரியாகப் போகும். ஜெர்மனிக்கு +49, பிரான்சுக்கு +33, பிரிட்டனுக்கு +44, சுவிட்சர்லாந்துக்கு +41, நார்வேக்கு +47.

9. அவசர உதவிக்கு 112. ஐரோப்பா முழுக்க இலவசம், கணக்கில் காசு இல்லாவிட்டாலும் போகும். ஆனால் ஜெர்மனியில் 2009 முதல் சிம் இல்லாத போனிலிருந்து போகாது. எனவே சிம்மைக் கழற்றி வைக்காதீர்கள்.

10. ஜெர்மனி, பிரான்ஸ் நேரம் நமக்குக் குளிர்காலத்தில் நாலரை மணி, கோடையில் மூன்றரை மணி பின்னால். பிளக்கைப் பொறுத்தவரை, நம் இரண்டு முள் சார்ஜர் ஜெர்மனியிலும் பிரான்சிலும் பெரும்பாலும் பொருந்தும். பிரிட்டனுக்கு அடாப்டர் வேண்டும். மின்னழுத்தம் நமக்குப் போலவே 230 வோல்ட்தான், பயம் வேண்டாம்.

இந்தப் பத்தையும் விட முக்கியமான ஒன்று. போகிறவர் வேலை செய்யும் இடத்தின் லேண்ட்லைன் நம்பர் ஒன்றும், கூடத் தங்குபவரின் நம்பர் ஒன்றும் வீட்டுச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்க வேண்டும். ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது என்பார்கள். ஒற்றை நம்பரை நம்பி ஆளைக் கடல் தாண்டி அனுப்புவதும் அந்த மாதிரிதான்.

ரோமிங் நம் மலைக்கும் வேண்டும்

கடைசியாக ஒரு விஷயம். ரோமிங் என்பது வெளிநாடு போகிறவர்கள் சமாச்சாரம் என்று நினைத்து இதைப் படிக்கத் தொடங்கியிருப்பீர்கள். நானும் படிக்கப் படிக்கத்தான் வேறு ஒன்றைக் கண்டேன். எங்கள் மலை மாதிரி இடத்தில் ஒரு மேட்டில் ஒரு கம்பெனியின் டவர் எட்டும், அடுத்த மேட்டில் இன்னொரு கம்பெனியின் டவர் எட்டும். ஒரு கம்பெனி சிம் வைத்திருப்பவனுக்கு இன்னொன்றின் டவர் தலைக்கு மேலே இருந்தும் இல்லாத மாதிரிதான். கடல் தாண்டினால் ஜெர்மன் டவர் நம்ம ஆளுக்குப் பாய் விரிக்கிறது. சொந்த மலையில் பக்கத்து டவர் விரிக்க மாட்டேன் என்கிறது. தொழில்நுட்பம் இரண்டுக்கும் ஒன்றே. ஒரு இடத்தில் ஒப்பந்தம் இருக்கிறது, இன்னொரு இடத்தில் இல்லை.

இதற்கும் வழி பிறந்திருக்கிறது. 2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை, செல்போன் சேவை எட்டாத கிராமங்களுக்கு 4ஜி கொடுக்க 26,316 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு அனுமதி தந்தது. 2025 ஜனவரியில், அரசின் டிஜிட்டல் பாரத் நிதியில் கட்டிய 4ஜி டவர்களை வெவ்வேறு கம்பெனிகளின் வாடிக்கையாளர்களும் பயன்படுத்தும் முறை தொடங்கப்பட்டது. இதற்குப் பெயர் வட்டத்துக்குள் ரோமிங். அரசுப் பணத்தில் நிற்கும் ஒரு டவர், ஒன்றுக்கு மேற்பட்ட கம்பெனிகளின் சிம்முக்கு இடம் கொடுக்கும். புயல் அடித்த இடங்களிலும் தற்காலிகமாக இந்த முறையைத் திறந்துவிடுகிறார்கள். புயலுக்கு முடியும் என்றால் மலைக்கும் முடியும்தானே?

நண்பர்களே, நாம் டிப்ளமோக்காரர்கள். டவரில் ஏறப் போவதும், ஆன்டெனாவைத் திருப்பி வைக்கப் போவதும், பழுது பார்க்கப் போவதும் நாம்தான். அதற்கு முன்பே நம்மால் ஆகும் ஒரு வேலை இருக்கிறது. மலையிலும் காட்டோரத்திலும் வீடு உள்ளவர்கள் அடுத்த விடுமுறைக்குப் போகும்போது ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஊரில், எந்த மேட்டில், எந்தக் கம்பெனிக்கு எத்தனை டெசிபல் சிக்னல் என்று போனிலேயே பார்த்து எழுதுங்கள். அமைப்புகளுக்குள் போனால் அந்த எண் தெரியும். மைனஸ் 110-க்குக் கீழே போனால் பேச்சு அறுந்து அறுந்துதான் வரும். அந்தப் பட்டியலை மனுவோடு சேர்த்து கிராம சபையில் கொடுங்கள். "எங்க ஊர்ல டவர் இல்லை" என்று சும்மா சொன்னால் சிரித்துவிட்டுப் போவார்கள். இந்த இடத்தில், இந்தத் தேதியில், இவ்வளவு டெசிபல் என்று எண்ணோடு கொடுத்தால் பதில் சொல்லியே ஆக வேண்டும். குண்டனி நாட்டுக்கான பட்டியலை நான் எழுதத் தொடங்கிவிட்டேன். மற்ற நாட்டுக்காரர்கள் யாராவது நம் வகுப்பில் இருந்தால் விடுதியில் வந்து பாருங்கள், சேர்ந்தே எழுதுவோம்.